வீட்டில் மேப்பிள் சிரப்: கேஸ் அடுப்பில் காய்ச்சுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் ஒன்டாரியோ, கியூபெக், அமெரிக்காவின் வெர்மான்ட் பக்கம் பிப்ரவரிக் கடைசியில் இரவுக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போகும், பகலில் நாலைந்து டிகிரிக்கு ஏறும். அப்போது மேப்பிள் மரங்களில் சாறு ஓடத் தொடங்கும். அதைச் சுண்டக் காய்ச்சினால் கிடைக்கும் இனிப்புப் பாகுதான் மேப்பிள் சிரப். கொல்லையில் நல்ல பருமனான மரம் ஒன்றிரண்டு இருந்தால், துளை போட்டு வாளி மாட்டி, ஒரு புரொப்பேன் கேஸ் அடுப்பை வைத்துக் காய்ச்சிப் பார்க்க யாருக்கும் ஆசை வரும். தெருவோரத்து மரம் நகராட்சியுடையது, அதில் கை வைக்க வேண்டாம். சொந்த மரமென்றால் தாராளமாகச் செய்யலாம்.

பிரச்சினை என்னவென்றால், பெரும்பாலானவர்கள் முதல் நான்கு மணி நேரம் பாத்திரத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் சலித்துப்போய் உள்ளே டீ போடப் போவார்கள். நடக்க வேண்டியது இதற்கு நேர்மாறு. முதல் பகுதியில் சாறு கெட்டுப்போக வாய்ப்பு குறைவு, அங்கே வீணாவது கேஸும் காசும்தான். கடைசிப் பகுதியில்தான் சிரப்பே வீணாகும்.

முதல் தவறு, கணக்குப் போடாமல் தொடங்குவது. பதநீர் காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய வேலை போலத் தெரியும். ஆனால் பதநீரில் சர்க்கரை பத்து சதவீதத்துக்கும் மேல் இருக்கும். ‘சர்க்கரை மேப்பிள்’ (sugar maple) என்ற வகை மரத்தின் சாறிலோ சுமார் 2 சதவீதம்தான், மற்ற வகை மேப்பிள்களில் அதைவிடவும் குறையும். 86ஐச் சாறின் சர்க்கரைச் சதவீதத்தால் வகுத்தால், ஒரு லிட்டர் சிரப்புக்கு எத்தனை லிட்டர் சாறு வேண்டும் என்று வந்துவிடும். 2 சதவீதமென்றால் 43 லிட்டர். அதாவது 42 லிட்டர் தண்ணீரை ஆவியாக்க வேண்டும்.

இப்போது கேஸ் கணக்குக்கு வருவோம். குளிர்ந்த சாறு ஒரு லிட்டரைச் சூடாக்கி முழுக்க ஆவியாக்க ஏறத்தாழ 2.6 மெகாஜூல் ஆற்றல் தேவை. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 46 மெகாஜூல் வரும். தாளில் பார்த்தால் கிலோவுக்கு 17 லிட்டர் ஆவியாக வேண்டும். திறந்தவெளி அடுப்பிலோ பாதிச் சூடாவது பாத்திரத்தின் பக்கவாட்டில் தப்பிப் போய்விடும், காற்றடித்தால் இன்னும் மோசம். ஆறேழு லிட்டர் ஆவியானாலே நல்லது. பார்பிக்யூவுக்கு வாங்கும் 9 கிலோ சிலிண்டர் ஒன்றில் ஒன்றரை லிட்டர் சிரப் கிடைத்தால் திருப்தி அடையுங்கள். கடையில் வாங்குவதைவிட மலிவாக வரும் என்ற நினைப்போடு இறங்குபவர்கள் இங்கேயே நின்றுவிடலாம். விறகு சும்மா கிடைப்பவருக்குக் கணக்கு வேறு.

அந்த 42 லிட்டரும் எங்கே போகும் என்று யோசிக்காமல் சமையலறையில் காய்ச்சுவது அடுத்த தவறு. சுவரெல்லாம் ஈரமாகும், வால்பேப்பர் உரியும், அடுப்பைச் சுற்றிப் பிசுபிசுப்பு ஒட்டும். அதனால் சிலர் அடுப்பை கராஜுக்குள் கொண்டுபோகிறார்கள். குளிராக இருக்கிறது, கதவைப் பாதி திறந்து வைத்திருக்கிறேன் என்பார்கள். இது மட்டும் கூடவே கூடாது. இந்த அடுப்புகள் வெளியில் எரிப்பதற்கென்றே செய்தவை. மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு மணம் கிடையாது. போதாததற்கு, கசியும் புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, மேலே போகாமல் தரையோடு தங்கும். வீட்டுச் சுவரிலிருந்தும் தள்ளி, வெட்டவெளியில் வையுங்கள்.

பாத்திரத்தில் பலர் தவறுவது உயரத்தில். வான்கோழி பொரிக்கும் அடுப்போடு வருகிற உயரமான அண்டா இதற்கு உதவாது. அடி அகலமாக, ஆழம் குறைவாக இருக்கும் துருப்பிடிக்காத எஃகுத் தட்டுதான் நெருப்பை வாங்கும், ஆவியையும் விடும். பஃபே விருந்துகளில் உணவு வைக்கும் செவ்வகத் தட்டுகள் இதற்கு அருமை. சாறு நாலைந்து சென்டிமீட்டர் நின்றால் போதும். மூடி போடாதீர்கள், ஆவி வெளியேறத்தானே இவ்வளவு பாடு? பழைய பொருள் கடையில் கிடைக்கும் பழங்காலத் தகர வாளிகள் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அவற்றின் ஒட்டில் ஈயம் இருக்கலாம், சாறு சுண்டச் சுண்ட ஈயமும் செறியும். சுவரில் மாட்டிவைக்க மட்டும் வாங்குங்கள்.

காற்றுத் தடுப்பு கட்டாயம். கான்கிரீட் கற்களை மூன்று பக்கம் அடுக்கினாலே கேஸ் செலவு கண்ணுக்குத் தெரியக் குறையும். அடுப்புக்கு அடியில் காற்று போகும் வழியை அடைத்துவிடாதீர்கள், சிலிண்டரையும் அந்தத் தடுப்புக்குள் வைக்காதீர்கள். கொஞ்ச நேரத்தில் சிலிண்டரின் வெளிப்புறத்தில் பனி படிந்து சுவாலை சுருங்குவதைப் பார்த்துக் கேஸ் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். உள்ளே திரவம் வாயுவாகும்போது தன் சூட்டையே இழக்கிறது. வெளியிலும் குளிர் என்பதால் அழுத்தம் விழுகிறது. தீர்வு எளிது: இரண்டு சிலிண்டர் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். டார்ச்சையோ அடுப்பையோ காட்டிச் சிலிண்டரைச் சூடாக்குவது தற்கொலைக்குச் சமம்.

கொதிக்கும் தட்டில் பச்சைச் சாறை ஒரேயடியாக ஊற்றினால் கொதி அடங்கிவிடும், மறுபடி ஏறும்வரை எரியும் கேஸ் தண்டம். பக்கத்தில் இன்னொரு பாத்திரத்தில் சூடாக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பதே முறை. நுரை பொங்கினால் ஒரு சொட்டு வெண்ணெய் போதும். பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் எண்ணெய்.

இனிதான் கண்ணை எடுக்கக் கூடாத இடம். சாறு பொன்னிறமாகி அளவு நன்றாக இறங்கியதும் அதைப் பெரிய தட்டிலேயே முடிக்க நினைக்காதீர்கள். தட்டு அடியில் ஒரு சென்டிமீட்டர் பாகு, கீழே முழு வேகத்தில் கேஸ் என்றால் இரண்டு நிமிடத்தில் கருகிவிடும், தட்டும் வீண். சின்னப் பாத்திரத்துக்கு மாற்றி வீட்டு அடுப்பில் முடியுங்கள். இந்த அளவுக்கு வரும் ஆவியைச் சமையலறை தாங்கும்.

பதம் பார்ப்பதில்தான் அதிகம் தவறுகிறார்கள். சிரப் 104 டிகிரியில் தயார் என்று எங்கோ படித்துவிட்டு அதையே பிடித்துக்கொள்வார்கள். சரியான விதி, தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிடச் சுமார் 4 டிகிரி அதிகம் என்பது. அந்தத் தண்ணீர் எப்போதும் 100இல் கொதிப்பதில்லை. 300 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும், காற்றழுத்தம் மாறும் நாளிலும் நகரும். அதனால் காய்ச்சும் அன்று அதே வெப்பமானியை வெறும் தண்ணீர் கொதியில் வைத்துப் பார்த்து அங்கிருந்து எண்ணுங்கள். திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. அதில் சூடான சிரப்புக்கு ஒரு கோடும் ஆறியதற்கு இன்னொரு கோடும் இருக்கும், எது எதற்கு என்று முன்பே பார்த்துவையுங்கள். சிரப்பில் சர்க்கரை 66 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் பூசணம் பிடிக்கும், புளிக்கும். மிஞ்சினால் போத்தலின் அடியில் கற்கண்டு கட்டும்.

அடியில் படியும் மணல் போன்ற கசடு அழுக்கல்ல, சாறிலிருந்த தாதுக்கள், முக்கியமாகக் கால்சியம் மாலேட். காபி வடிதாளில் ஊற்றிவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்காதீர்கள். இதற்கென்றே விற்கும் தடித்த வடிகட்டித் துணியில், சூடாக இருக்கும்போதே வடிக்க வேண்டும். போத்தலில் ஊற்றும்போது 82 டிகிரிக்குக் குறையக் கூடாது. மறுபடி கொதிக்கவிட்டால் கசடும் மறுபடி வரும்.

சேர்த்துவைத்த சாறைப் பாலைப் போல நடத்துங்கள், 4 டிகிரிக்குள் வைத்துச் சில நாளில் காய்ச்சிவிடுங்கள். வாளியில் மேலே உறைந்திருக்கும் பனிக்கட்டியில் சர்க்கரை மிகக் குறைவு, அதை எடுத்துப் போட்டால் அந்த அளவுக்குக் கேஸ் மிச்சம். மரத்தில் மொட்டு உப்பத் தொடங்கியதும் துளைகளில் செருகிய குழாய்களைக் கழற்றிவிடலாம். அதற்குப் பிறகு வரும் சாறு காய்ச்சும்போதே ஒரு மாதிரி நாறும், எவ்வளவு கேஸ் எரித்தாலும் அந்த வாடை சிரப்பில் இருந்துகொண்டே இருக்கும்.