முதல் பருவப் பாடங்களைத் தொகுப்பாகவே பதிவு செய்யுங்கள்

அமெரிக்கக் கல்லூரியில் முதலாண்டு சேருபவர்கள், பாடங்களை ஒவ்வொன்றாகத் தேடுவதற்கு முன், ஒரே கருப்பொருளில் இணைத்த பாடத்தொகுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இதற்கு 'ஃபிக்' (FIG, அதாவது First-year Interest Group) என்று பெயர். 1987 முதல் நடக்கிறது. சுமார் 20, 25 மாணவர்கள் இலையுதிர்ப் பருவத்தில் அதே பாடங்களுக்கு ஒன்றாகவே போகிறார்கள். மூத்த மாணவர் ஒருவர் வழிகாட்டும் சிறு வகுப்பும் உண்டு.

பாடங்கள் நேரம் மோதாதபடி கோக்கப்பட்டு, குழுவுக்கென இடமும் ஒதுக்கப்படுவதால், அட்டவணையோடு மல்லுக்கட்டும் வேலை பெருமளவு குறைகிறது. அதைவிடப் பெரிய லாபம், நூற்றுக்கணக்கானோர் உட்காரும் வேதியியல் வகுப்பில் முதல் வாரமே தெரிந்த முகங்கள் இருப்பதுதான். ஒருநாள் காய்ச்சலில் படுத்தாலும் குறிப்பு கேட்க ஆள் உண்டு. புது ஊரில் இது சின்ன விஷயமே அல்ல.

தொகுப்பின் அழகான தலைப்பைப் பார்த்து மயங்காதீர்கள். ஒவ்வொரு பாடமும் பட்டத்துக்குக் கணக்கில் வருமா என்று ஆலோசகரிடம் கேளுங்கள். பள்ளியிலேயே ஏ.பி. (கல்லூரித் தரப் பாடங்களுக்கான Advanced Placement) தேர்வு எழுதி, தொகுப்பில் உள்ள ஒரு பாடத்துக்கு ஏற்கெனவே கல்லூரி மதிப்பு (கிரெடிட்) பெற்றுவிட்டவர்களுக்கும், பகுதிநேர வேலையால் நேரம் ஒத்துவராதவர்களுக்கும் தனித்தனியாகப் பதிவதே நல்லது.