மல்லிகையை மதுரையிலேயே விட்டுவிட்டு அண்டார்க்டிகா போவது எப்படி?

அண்டார்க்டிகாவுக்குக் கப்பலில் போகிறேன் என்றதும் திருநகரில் எங்கள் தெருவில் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "குளிரை எப்படித் தாங்குவீர்கள் டீச்சர்?" ஜனவரியில் அண்டார்க்டிகத் தீபகற்பத்தின் கரையோரத்தில் வெப்பநிலை பெரும்பாலும் பூஜ்ஜியத்தை ஒட்டித்தான் இருக்கும். சரியாக உடுத்தினால் தாங்கலாம். எனக்கு அதிக நேரம் பிடித்த வேலை வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கப்பல். அர்ஜென்டினாவின் தென்கோடியில் உள்ள உசுவாயாவிலிருந்து நவம்பர் முதல் மார்ச் வரை கப்பல்கள் புறப்படுகின்றன. பென்குயின் குஞ்சுகளைப் பார்க்க ஜனவரி நல்லது. திமிங்கிலங்களுக்குப் பிப்ரவரி, மார்ச். பதிவு செய்யும் முன் பயணிகளின் எண்ணிக்கையைக் கேளுங்கள். 500 பேருக்கு மேல் ஏற்றும் கப்பல் யாரையும் கரையில் இறக்காது. ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பேர்தான் இறங்கலாம் என்பதும் விதி. ஆகவே 200 பேருக்குக் குறைவான கப்பலே நம் பணத்துக்கு நியாயம் செய்யும்.

அவசர மருத்துவ வெளியேற்றத்துக்கும் சேர்த்துக் காப்பீடு எடுங்கள். அர்ஜென்டினா, பிரேசில் வழியாகத் திரும்பி வருபவர்களிடம் இந்திய விமான நிலையத்தில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே ஊசி போட்டிருக்க வேண்டும். நான் சென்னை கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்டேன்.

புவனஸ் அயர்ஸில் பன்னாட்டு விமான நிலையம் ஒரு பக்கம், உசுவாயா விமானங்கள் பெரும்பாலும் கிளம்பும் நிலையம் இன்னொரு பக்கம். நடுவில் நகரத்தையே கடக்க வேண்டும். என் பெட்டி அங்கே தங்கிவிட்டு, ஒன்றரை நாள் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. இரண்டு நாள் முன்னதாகவே உசுவாயா போய்விடுங்கள். மாத்திரைகளும் ஒரு செட் கம்பளி உள்ளாடையும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

உடை விஷயத்தில் மதுரைக்காரர்களுக்கு மனம் ஒப்பாத ஒன்றைச் சொல்கிறேன். பருத்தி வேண்டாம். சுங்குடியில் வளர்ந்தவள் நான்; ஆனால் ஈரமான பருத்தி அங்கே உலராது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழை, நடுவில் ஃபிளீஸ் எனும் மெத்தென்ற செயற்கைத் துணி, வெளியே தண்ணீர் புகாத பேன்ட். மேற்கோட்டையும் ரப்பர் பூட்ஸையும் பல கப்பல்களில் அவர்களே தருவார்கள், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு கொடைக்கானலில் ஓர் அதிகாலை நடந்து பார்த்தேன். எந்தக் கையுறையோடு கேமராவை இயக்க முடியாது என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

இப்போது அந்த வேலை. கரையிறங்கும் முன் கப்பலில் ஒவ்வொருவருடைய பையையும் உடையையும் சோதிப்பார்கள். நாகமலையில் நடக்கப் போகும்போது எடுத்துச் செல்லும் அதே பையைத்தான் நான் எடுத்துப் போவதாக இருந்தேன். மொட்டைமாடியில் கவிழ்த்துத் தட்டியபோது நாயுருவி விதைகளும் ஒட்டுப்புல்லும் செம்மண்ணும் கொட்டின. முப்பது ஆண்டுகள் தாவரவியல் நடத்தியவள் திகைத்து நின்றேன். அந்தக் கண்டம் முழுவதற்கும் சொந்தமான பூக்கும் தாவரங்கள் இரண்டே இரண்டு: ஒரு புல், ஒரு மெத்தைச் செடி. வெளியிலிருந்து போன போவா அன்னுவா என்னும் புல், அண்டார்க்டிகாவின் கிங் ஜார்ஜ் தீவில் ஏற்கெனவே வேர்விட்டிருக்கிறது. மனிதர்களோடு போய்ச் சேர்ந்ததுதான் அது. ஆகவே வீட்டிலேயே செய்யுங்கள்: பைகளை உள்ளும் புறமும் திருப்பித் தட்டுங்கள். ஒட்டுப்பட்டைகளில் (வெல்க்ரோ) சிக்கிய விதைகளை ஊசியால் எடுங்கள். தையல் ஓரங்களைப் பழைய பல் துலக்கியால் தேயுங்கள். சாக்ஸ் புதிதாக வாங்குவதே எளிது. கிளம்பும் அன்று தங்கை ஆசையாகக் கொடுத்த மல்லிகைச் சரத்தை மீனாட்சி படத்துக்குச் சாத்திவிட்டுத்தான் கிளம்பினேன்.

தென் அமெரிக்காவுக்கும் அண்டார்க்டிகாவுக்கும் நடுவில் உள்ள டிரேக் நீரிணையைக் கடக்க ஏறக்குறைய இரண்டு நாள். சுமார் 800 கிலோமீட்டர் அகலம். அந்த அட்சரேகையில் அலையைத் தடுக்க உலகைச் சுற்றி எங்கும் நிலம் இல்லை. குமட்டல் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கி, ஆட்டம் தொடங்கும் முன்பே போடுங்கள். பஸ் நிலையத்தில் வாங்கிய இஞ்சி மொரப்பா எனக்குக் கைகொடுத்தது. வெறும் வயிற்றோடு இருக்காதீர்கள். ஒரு கை எப்போதும் கைப்பிடியில் இருக்கட்டும்.

கப்பலிலிருந்து கரைக்குப் போக ரப்பர் படகில் ஏறும்போது விரல்களைப் பற்றக் கூடாது. மாலுமியின் மணிக்கட்டை நீங்களும், உங்கள் மணிக்கட்டை அவரும் பற்ற வேண்டும். எனக்கு முழங்கால் வலி உண்டு. மூன்று மாதம் திருப்பரங்குன்றத்தில் மலைப்படி ஏறி இறங்கியது இங்கேதான் பயன்பட்டது. கைபேசியைச் சட்டைக்குள் வையுங்கள். குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும்.

கரையில் சாப்பிடக் கூடாது, சிறுநீர் கழிக்கக் கூடாது. பறவைக் காய்ச்சல் 2023இல் தென் ஜார்ஜியா தீவை எட்டிய பிறகு தரையில் உட்காரவும் பையை வைக்கவும்கூடத் தடை. தீபகற்பத்தில் பயணிகள் இறங்கும் இடங்களில் ஒன்றான நெக்கோ துறையில் நீரோரம் நிற்காதீர்கள். எதிரே பனிப்பாறை உடைந்து விழுந்தால் அலை மேலேறி வரும். பென்குயினிடமிருந்து 5 மீட்டர் தள்ளி நில்லுங்கள். அதுவாக அருகே வந்தால் அசையாதீர்கள். பனியில் அவை நடந்து நடந்து உண்டாக்கிய தடத்தைக் குறுக்கே கடக்க நேர்ந்தால், அவை போகும் வரை காத்திருங்கள். உங்கள் கால் ஆழமாகப் புதைந்துவிட்டால், அந்தக் குழியைப் பனியால் மூடிவிட்டு நகருங்கள். ஜென்டூ வகைப் பென்குயின் அதில் விழுந்தால் ஏறி வர முடியாது.