டெல்டாக் குடும்பத்தை சீரியலில் பேச வைப்பது எப்படி

திருவாரூர்ப் பக்கத்துக் கதை என்று சொல்லி ஒரு சீரியல் வந்தால் ஆசையாக உட்காருவேன், பத்து நிமிஷத்தில் மனசு விட்டுப்போகும். வயல் இருக்கும், திண்ணை இருக்கும், வாயைத் திறந்தால் மட்டும் எந்த ஊர் ஆட்கள் என்றே தெரியாது. வசனம் எழுத வருகிறவர்களுக்காகத்தான் இது.

எங்கள் அம்மா சீரியலைப் பார்ப்பதை விடக் கேட்பதுதான் அதிகம், அடுப்படியில் தாளித்துக்கொண்டே. அவருக்கும் கதை புரியணும் என்பதால் எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது, அது நியாயம்தான். ஆனால் "உன் அண்ணனின் மனைவியான நான்" என்று கொழுந்தனிடமே சொல்லும் அண்ணி எந்த ஊரிலும் கிடையாது. பழைய கதையைச் சொல்லியே ஆகணுமா, சண்டையில் சொல்ல வையுங்கள். நம் ஆட்கள் பழைய கணக்கை எடுப்பது அங்கேதான். "எங்கப்பா போட்ட பதினஞ்சு பவுன்லதான் உங்க தங்கச்சி கல்யாணமே நடந்துச்சு." இந்த ஒரு வரியில் சீர், நாத்தனார், பணக்கஷ்டம், மனத்தாங்கல் நாலும் வந்துவிட்டது.

அடுத்தது பெரிய விஷயம். புருஷன் நகையை அடகு வைத்துவிட்டான், பெண்டாட்டிக்குத் தெரிய வருகிறது என்று வையுங்கள். சீரியலில் "என்னிடம் மறைத்துவிட்டீர்களே!" என்று அலறுவாள், மூன்று தடவை முகத்தைக் காட்டுவார்கள். அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் குவித்துவிட்டு வந்தவன் வீட்டில் பேச்சு இப்படித்தான் இருக்கும்:

"சாப்பிட வாங்க."

"ஈரம் இருவதுங்கிறான். நாளைக்கும் காயப்போடணும்."

"பீரோவுல டாலர் செயினைக் காணுமே."

"தார்ப்பாய் ஒண்ணு வேணும். மேக்கால இருட்டிக்கிட்டு வருது."

"அது எங்கம்மா போட்டது."

"மூட்டை போனதும் எடுத்துடலாம்."

அடகு என்ற வார்த்தையே வரவில்லை பாருங்கள். அவன் தார்ப்பாயைப் பற்றிப் பேசுவது பேச்சை மாற்ற மட்டுமில்லை, நிஜமாகவே பயம். நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேலே போனால் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள், அந்த வரம்பைத் தளர்த்தி அரசு உத்தரவு வந்தால்தான் உண்டு. நாற்பது கிலோ மூட்டையாகப் பிடித்து எடை போட்டு லாரி ஏறும் வரைக்கும் அவனுக்குத் தூக்கமில்லை. இந்த ஈர விவரம் தெரியாமல் எழுதியிருந்தால் அவனுக்கு அழுவதைத் தவிர வேறு வேலை இருந்திருக்காது.

அதனால் வசனத்துக்கு முன்னால் மாசத்தைப் பாருங்கள். மேட்டூர் அணை திறப்பது வழக்கமாக ஜூன் 12. கடைமடைக்கு, அதாவது பாசனத்தின் கடைசி வயல்களுக்கு, தண்ணீர் வந்து சேர இன்னும் நாளாகும், அந்தக் காத்திருப்பிலேயே ஒரு வாரம் எபிசோடு ஓட்டலாம். குறுவை நெல் அறுப்பு புரட்டாசி, ஐப்பசியில் வந்து மழையில் மாட்டும். சம்பா அறுப்பு தை, மாசி. அறுப்புக்குச் சில நாள் முன்னாலேயே நிற்கிற பயிருக்குள் உளுந்து தெளித்துவிடுவார்கள். ஆடி மாசத்தில் களத்தில் நெல் தூற்றினால் எங்கள் ஊர்ப் பெரிசுகள் சேனலை மாற்றிவிடுவார்கள்.

வார்த்தைகள். "நான் ஒரு விவசாயி" என்று எவனும் சொல்ல மாட்டான், "அஞ்சு மா இருக்கு, நடவு பாதிலே நிக்குது" என்பான். ஒரு மா என்றால் சுமார் 33 சென்ட். அப்பாவைப் பெற்றவள் எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் அப்பாயி, அம்மாவைப் பெற்றவள் அம்மாச்சி. எல்லாரையும் பாட்டி ஆக்கிவிடாதீர்கள். அண்ணி கொழுந்தனைத் தம்பி என்பாள், கோபம் வந்தால் அந்தத் தம்பி நின்றுபோய் ஜாடைப்பேச்சு ஆரம்பிக்கும். அது நடிகைக்குப் பெரிய தீனி.

அப்புறம், வெளியூரிலிருந்து வரும் நடிகர்களுக்குப் பக்கத்தில் நின்று ஒருத்தர் வரி வரியாக எடுத்துக்கொடுப்பதும் உண்டு. நீள வாக்கியம் அங்கே உடைந்து, பேச்சு பாடம் ஒப்பிப்பதாகிவிடும். நாலு வார்த்தை, ஐந்து வார்த்தையில் முடியுங்கள். எழுதியதைக் காலையில் வாய்க்கால் பக்கத்து டீக்கடையில் அரை மணி உட்கார்ந்துவிட்டு வந்து சத்தமாகப் படித்துப் பாருங்கள், எந்த வரி அந்தக் கடையில் வராதோ அதை அடித்துவிடலாம்.