பழைய உலகத்துக்குப் புதுப் புத்தகம் கேட்கும்போது நாம் செய்யும் தவறுகள்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அதை ஆடும் குழுக்களில் பெரும்பாலும் ஒருவர் இருப்பார். "டார்க் சன்னுக்கு எப்போது புதுப் புத்தகம் வரும்?" என்று மாதம் ஒருமுறையாவது கேட்பார். எங்கள் குழுவில் அப்படிக் கேட்பவன் நான்தான். டார்க் சன் கதைகள் நடக்கும் அத்தாஸ் என்ற அந்தப் பாலை உலகத்தின் மீது எனக்கு அவ்வளவு பிரியம்.

புதிதாக ஆட வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். விதிப் புத்தகம் எப்படி ஆடுவது என்று சொல்லும். செட்டிங் புத்தகம் எங்கே ஆடுவது என்று சொல்லும். அந்த உலகத்தின் ஊர்கள், தெய்வங்கள், யாருக்கு யார் பகை, அந்த உலகத்துக்கு மட்டுமே உரிய விதிகள் எல்லாம் அதில் இருக்கும். ஆட்டம் 1974-ல் வெளிவந்தது. கிரேஹாக் 1980-லும், ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் 1987-லும், ஸ்பெல்ஜாமர் 1989-லும், டார்க் சன் 1991-லும், பிளேன்ஸ்கேப் 1994-லும் தனித்தனி உலகங்களாக வந்தன. 2014-ல் ஆட்ட விதிகளின் ஐந்தாம் பதிப்பு வந்தபிறகு இவற்றில் சில ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஒவ்வொன்றும் வரும்போது ஒரு கூட்டம் கொண்டாடியது, ஒரு கூட்டம் மனம் உடைந்தது. அந்த ஏமாற்றத்தில் ஒரு பங்கு, என்ன கேட்கிறோம் என்று நாமே தெளிவாக யோசிக்காததால் வந்தது என்று நினைக்கிறேன்.

எந்த வருடத்து உலகம் என்று சொல்லாமல் கேட்பது

"டார்க் சன் வேண்டும்" என்று இரண்டு பேர் சொன்னால், அவர்கள் ஒரே புத்தகத்தைக் கேட்கிறார்கள் என்று நம்பிவிடாதீர்கள். 1991-ல் வந்த பெட்டியில் (புத்தகங்களும் வரைபடங்களும் அடங்கிய தொகுப்பு அது) டைர் நகரத்தை மந்திரவாதி மன்னன் காலக் ஆள்கிறான். அதே ஆண்டு தொடங்கிய ஐந்து நாவல்களில் முதலாவதிலேயே அவன் கொல்லப்படுகிறான். அடுத்தடுத்த நாவல்களில் வேறு சில மன்னர்களும் சாய்கிறார்கள். 1995-ல் வந்த திருத்திய பெட்டி இவை எல்லாம் நடந்து முடிந்ததாக எடுத்துக்கொண்டது. நான்காம் பதிப்புக்காக 2010-ல் வந்த புத்தகமோ மறுபடி பின்னால் போய், காலக் இறந்த உடனேயான நாட்களில் கதையை நிறுத்திவிட்டது. ஆக மூன்று அத்தாஸ் இருக்கிறது. எந்த மன்னன் உயிரோடு இருக்கிறான் என்பதிலேயே மூன்றும் வேறுபடும்.

ஃபர்காட்டன் ரெல்ம்ஸுக்கும் இதே கதிதான். பதிப்பு மாறும்போதெல்லாம் ஒரு பேரழிவு வரும். தெய்வங்கள் மண்ணில் இறங்கி அலைந்தார்கள், மந்திரத்தின் தேவி கொலையுண்டாள், நூறு வருடம் ஒரே தாவலில் கடந்தது. பழைய புத்தகத்தை வைத்து ஆட்டம் நடத்திக்கொண்டிருந்த டிஎம் (டன்ஜன் மாஸ்டர்) ஒவ்வொரு முறையும் தன் மேசையில் ஓடும் கதையை ஒட்டுப்போட வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் எபெரான் என்ற இன்னொரு உலகத்தை மனதாரப் பாராட்ட வேண்டும். 2002-ல் நடந்த உலகத் தேடல் போட்டியில் 11,000-க்கும் மேற்பட்ட யோசனைகளிலிருந்து தேர்வானது கீத் பேக்கரின் அந்த உலகம். முதல் புத்தகம் 2004-ல் வந்தபோது கதை தொடங்கும் ஆண்டு, அந்த உலகக் கணக்கில் 998. ஐந்தாம் பதிப்புக்கு 2019-ல் வந்தபோதும் அதே 998. கடைசிப் போர் முடிந்து இரண்டே வருடம். அடுத்து என்ன நடக்கும் என்பதை உங்கள் குழுவின் கையில் விட்டுவிட்டார்கள். செட்டிங் எழுதுகிறவர் டிஎம்முக்குச் செய்யக்கூடிய மரியாதைகளில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரியவில்லை. எனவே புத்தகம் கேட்கும்போது வருடத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஓவியத்தைக் கேட்டுவிட்டு விதியை மறப்பது

எனக்கு இதுதான் முக்கியமான தவறு. நானே செய்து கற்றுக்கொண்டதும்கூட.

அத்தாஸில் மந்திரம் செய்தால் மண்ணின் உயிர் வற்றும். புல் கருகிச் சாம்பலாகும். தலைமுறை தலைமுறையாக அப்படிச் செய்துதான் பச்சைப் பூமி பாலையானது. நம் திணை மரபிலும் பாலைக்கென்று தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வளம் திரிந்தால் அதுவே பாலை. அதனால்தான் அத்தாஸைப் படித்த முதல் நாளே அது எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை போலும். அங்கே இரும்பு அரிது. எலும்பிலும் எரிமலைக் கண்ணாடியிலும் ஆயுதம் செய்வார்கள், காசு சுட்ட மண்ணில் இருக்கும். தண்ணீருக்காகக் கொலை நடக்கும்.

பல வருடங்களுக்கு முன்பு, அதிகாரப்பூர்வப் புத்தகத்துக்குக் காத்திருக்காமல், பழைய பெட்டியிலிருந்து வர்ணனைகளை எடுத்துக்கொண்டு ஐந்தாம் பதிப்பு விதிகளில் நேராக இறங்கினேன். முதல் செஷன் முழுக்க வெயிலையும் வறண்ட கிணறுகளையும் விவரித்தேன். எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள். அப்புறம் கிளெரிக், அதாவது தெய்வ அருளால் மந்திரம் செய்யும் பூசாரி, ஆடிய நண்பர் தண்ணீர் உண்டாக்கும் மந்திரத்தைச் சொன்னார். முதல் படி மந்திரம், 10 காலன் தண்ணீர், அதாவது சுமார் 38 லிட்டர். விதிப்படி வெயில் நாளில் ஒருவருக்கு 2 காலன் தேவை. அந்த ஒரே மந்திரத்தில் ஐந்து பேருடைய அன்றைய தாகம் தீர்ந்தது. ட்ரூயிட், அதாவது இயற்கையின் மந்திரவாதி, ஆடியவர் 10 நற்கனிகளை வரவழைத்தார். ஒரு கனி ஒருவருக்கு ஒரு நாள் உணவு. சாப்பாட்டுக் கவலையும் போயிற்று. அதற்குமேல் நான் வெயிலை எவ்வளவு அழகாக வர்ணித்தாலும் யாருக்கும் பயம் வரவில்லை. அவர்கள் மீது ஒரு தவறும் இல்லை, விதி கொடுத்ததைத்தான் பயன்படுத்தினார்கள்.

ஒரு உலகத்தின் சுவை வர்ணனையில் பாதிதான் இருக்கிறது. மீதி, ஆட்டக்காரர் என்ன செய்ய முடியும், செய்தால் என்ன விலை என்பதில் இருக்கிறது. 2010 புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று. தாக்கும்போது பகடையில் 1 விழுந்தால், தவறிவிட்டது என்று ஒப்புக்கொண்டு ஆயுதத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். அல்லது மறுபடி உருட்டலாம். உருட்டினால், அடி விழுந்தாலும் விழாவிட்டாலும், எலும்பு ஆயுதம் உடைந்துவிடும். நான்கு வரி விதி. ஆனால் இரும்பில்லாத உலகம் என்றால் என்ன என்பதை அது விரல்நுனியில் உணர வைக்கும். 'இங்கே ஆயுதங்கள் எளிதில் உடையும்' என்று பத்து பக்கம் எழுதினாலும் அது வராது.

தண்ணீர்ச் சிக்கலுக்கு எங்கள் மேசையில் பின்னால் ஒரு வழி கண்டுபிடித்தோம். மந்திரத்தைத் தடை செய்யவில்லை. அத்தாஸில் புதுத் தண்ணீர் பிறக்காது, இருக்கிற தண்ணீர்தான் இடம் மாறும் என்று வைத்தோம். கிளெரிக் 10 காலன் வரவழைத்தால், அருகிலுள்ள கிணற்றிலோ யாரோ ஒருவரின் பானையிலோ அந்த 10 காலன் குறையும். அடுத்த செஷனில் அந்த நண்பர் மந்திரத்தைச் சொல்ல வாயெடுத்து, வரைபடத்தைப் பார்த்து, நிறுத்திக்கொண்டார். பக்கத்தில் இருந்தது அவர்களுக்கு அடைக்கலம் தந்த கிராமம்.

ஸ்பெல்ஜாமருக்கு 2022-ல் வந்த தொகுப்பையும் இப்படித்தான் பார்க்கிறேன். ஒவ்வொன்றும் 64 பக்கத்தில் மூன்று புத்தகங்கள், கண்ணைப் பறிக்கும் ஓவியங்கள், கப்பல்களின் தளப்படங்கள். ஆனால் விண்வெளியில் கப்பலோட்டிச் சண்டை போடும் உலகத்தில், கப்பல் சண்டைக்கென்று இருந்த விதி மிகக் குறைவு. 'ஸ்பெல்ஜாமர் வேண்டும்' என்று வருடக்கணக்கில் கேட்டோம். கப்பல் சண்டை எப்படி நடக்க வேண்டும் என்று எத்தனை பேர் கேட்டோம்?

கலைக்களஞ்சியம் கேட்பது

எல்லா ஊரும் வேண்டும், எல்லா அரச வம்சமும் வேண்டும் என்று ஆசைப்படுவது இயல்பு. படிக்க இன்பமாக இருக்கும், நானும் அப்படிப் படிப்பவன்தான். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் நான்கு பேர் மேசையைச் சுற்றி உட்காரும்போது 300 வருட வம்சாவளி உதவாது. ரேவன்லாஃப்ட் என்ற திகில் உலகத்துக்கு 2021-ல் வந்த புத்தகம், ஏற்கெனவே உள்ள பயங்கர நாடுகளை அறிமுகப்படுத்தியதோடு, அப்படி ஒரு நாட்டை நீங்களே எப்படி உருவாக்குவது என்றும் கற்றுக்கொடுத்தது. நீண்ட நாள் பயன் தருவது அந்தப் பகுதிதான்.

ஒரே நேரத்தில் எல்லா உலகத்தையும் கேட்பதும் இதே வகை. 1990-களில் இந்த ஆட்டத்தை அப்போது வெளியிட்டுவந்த டிஎஸ்ஆர் நிறுவனம் ஒரே சமயத்தில் பல உலகங்களுக்குப் புத்தகம் போட்டது. ஒன்றை வாங்குகிறவர் மற்றொன்றை வாங்கவில்லை. 1997-ல் அந்த நிறுவனம் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் கைக்குப் போனதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இதுவும் ஒன்று.

ஆட்டக்காரருக்கும் டிஎம்முக்கும் ஒரே புத்தகம் என்று கேட்பதும் வேண்டாம். ரகசியம் இருக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ஆட்டக்காரர் தன் கதாபாத்திரத்துக்குத் தேடும் இனமும் வகுப்பும் இருந்தால் ரகசியம் தங்காது. 2025-ல் ஃபர்காட்டன் ரெல்ம்ஸுக்கு ஆட்டக்காரருக்கு ஒன்று, டிஎம்முக்கு ஒன்று என்று இரண்டாகப் பிரித்தது நல்ல முடிவு.

கசப்பான பகுதியைப் பேசாமல் தாண்டுவது

அத்தாஸில் அடிமை முறை எங்கும் இருக்கிறது. 'அப்படியே வேண்டும், ஒரு வரி மாறக்கூடாது' என்று ஒரு பக்கம். 'அதை எடுத்துவிட்டுத் தாருங்கள்' என்று இன்னொரு பக்கம். இரண்டுமே அவசரம் என்பது என் எண்ணம். அடிமைகளின் கிளர்ச்சியும் கொடுங்கோலனின் வீழ்ச்சியும் அந்த உலகத்தின் உயிர்க்கதை. அதை எடுத்துவிட்டால் காலக் ஏன் சாக வேண்டும்? அதே சமயம், மேசையில் உட்காரும் ஒருவருக்கு அது விளையாட்டாக இல்லாமல் போகலாம். நாம் கேட்க வேண்டியது, இதை யார் பார்வையில், எவ்வளவு தூரம், எப்படிப் பேசிவைத்து ஆடுவது என்று சொல்லும் பக்கங்களை.

கவனமில்லாமல் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கும் 2022 ஸ்பெல்ஜாமரே சாட்சி. ஹடோசீ என்ற குரங்கு உருவ இனத்துக்கு, ஒரு மந்திரவாதியால் பிடிக்கப்பட்டு விற்பனைக்காக வளர்க்கப்பட்டவர்கள் என்று பூர்வகதை எழுதியிருந்தார்கள். கறுப்பின மக்களின் அடிமை வரலாற்றை இழிவாக நினைவூட்டுகிறது என்று எதிர்ப்பு வந்தது. அடுத்த மாதமே விசார்ட்ஸ் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அந்தப் பகுதியை நீக்கியது.

நம் பக்கத்துக் கதைகளும் இந்த ஆட்டத்தில் தொடக்கத்திலிருந்தே இருக்கின்றன. 1977-ன் மான்ஸ்டர் மேனுவலிலேயே ராட்சசன் உண்டு. புலித்தலையோடு இருப்பான், ஆசீர்வதிக்கப்பட்ட குறுக்குவில் அம்பு பட்டால் செத்துவிடுவான். அந்த அம்பு நம் எந்தக் கதையிலிருந்தும் வந்ததில்லை, ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரிலிருந்து வந்தது. 1980-ல் இந்திரனுக்கும் காளிக்கும் கவச எண்ணும் உயிர்ப் புள்ளியும், அதாவது சண்டையில் வீழ்த்தத் தேவையான கணக்கும், போட்டுப் புத்தகம் வந்தது. 'இந்திய உலகம் ஒன்று வேண்டும்' என்று மொத்தமாகக் கேட்டால் இப்படித்தான் கிடைக்கும். 2022-ல் வந்த ரேடியன்ட் சிட்டாடல் தொகுப்பில் 13 சாகசக் கதைகள், எழுதியவர்கள் தங்கள் வேர்களிலிருந்து எடுத்தவை. அதில் ஒன்று வங்காளத்திலிருந்து வந்த எழுத்தாளருடையது. ஆறும் சதுப்பும் மூடுபனியும் ஒரு குறிப்பிட்ட நிலத்தின் வாசனையோடு வருகின்றன. கேட்பதாக இருந்தால் அப்படி ஒரு நிலத்தை, ஒரு ஊரைக் கேட்க வேண்டும்.

நாமே எழுதி வெளியிடும்போது

2023 ஜனவரியில் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பு யாரும் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது. உடனே பலர், 'இனி அத்தாஸ் புத்தகத்தை நானே எழுதி விற்கலாம்' என்று நினைத்தார்கள். அது தவறு. திறந்துவிடப்பட்டது விதிகள்தான். அத்தாஸ், டைர், காலக் என்ற பெயர்களும் அந்த உலகமும் நிறுவனத்தின் உடைமையாகவே இருக்கின்றன. நிறுவனத்தின் உலகங்களில் எழுதி விற்க 2016 முதல் டிஎம்ஸ் கில்ட் என்ற தளம் இருக்கிறது. அங்கும் அனுமதித்த உலகங்களில் மட்டும்தான், அங்கே போட்டதை வேறெங்கும் விற்க முடியாது. எழுதத் தொடங்கும் முன்பே பட்டியலைப் பார்த்துவிடுங்கள். பாதி எழுதிய பிறகு பெயர்களை மாற்றுவது மிகவும் வேதனையான வேலை.

சொந்த மேசைக்கு எழுதுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. பழைய பெட்டிகளின் பிடிஎஃப் பிரதிகள் முறையாகவே விற்பனைக்கு இருக்கின்றன. எங்களுக்காக நான் எழுதியது இப்போது பதினொரு பக்கம். காலக் இறந்து மூன்றாம் நாள், டைர் நகரம், நான்கு கிணறுகள், ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு காவலர், அவர்களில் ஒருவர் பொய் சொல்கிறார். யார் என்பது என் குழுவுக்கு இன்னும் தெரியாது.