உரிமைத்தொகை ஆயிரத்தைப் பிள்ளையின் தட்டு வரை கொண்டுபோவது எப்படி

பென்னாகரம் பக்கத்தில் ஓர் அங்கன்வாடியில் இருபத்திரண்டு வருடம் டீச்சராக இருந்தேன். 2023 செப்டம்பர் 15 அன்று மகளிர் உரிமைத்தொகை தொடங்கியதும், இனி நம் எடைப் பதிவேட்டில் சத்துக்குறைவுப் பிள்ளையே இருக்காது என்று மனக்கோட்டை கட்டினேன். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அதே பெயர்கள், எடை குறைவு என்று காட்டும் அதே மஞ்சள் கட்டம். பணம் மாதம் தவறாமல் வந்துகொண்டுதான் இருந்தது. மளிகைக்கடைப் பாக்கிக்கும் குழு தவணைக்கும் போக, மிச்சம் இருந்தது பிஸ்கட் பாக்கெட்டாக மாறியிருந்தது.

பணம் மட்டும் போதுமா என்று வங்கதேசத்தில் 2012 முதல் 2014 வரை சோதித்தே பார்த்தார்கள். சில கிராமங்களில் ஏழைத் தாய்மாருக்குப் பணம் மட்டும். வேறு சில கிராமங்களில் பணத்தோடு, குழந்தைக்கு என்ன ஊட்டுவது என்று வாராவாரம் கூட்டம் போட்டுச் சொல்லித் தந்தார்கள். பணம் மட்டும் கிடைத்த இடத்தில் வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகளின் விகிதம் சொல்லும்படி குறையவில்லை. இரண்டும் கிடைத்த இடத்தில் சுமார் 7 சதவீதப் புள்ளி குறைந்தது. அதனால் ஆயிரத்தை என்ன செய்வது என்று சொல்கிறேன்.

முதலில், பணம் வந்த குறுஞ்செய்தி யார் போனுக்கு வருகிறது? வீட்டுக்காரர் போன் என்றால் வங்கிக்குப் போய் உங்கள் எண்ணைக் கொடுங்கள். பாஸ்புக்கிலும் வரவைப் பதிய வைத்துப் பாருங்கள். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு முதல் மாதப் பணத்தில் ஏதோ கட்டணம் என்று பிடித்துவிட்டார்கள். இரண்டு நடை நடந்து கேட்ட பிறகுதான் திரும்பி வந்தது.

பணத்தை எடுத்த அன்றே, கடன்காரர் முகத்தில் விழிப்பதற்கு முன், ஓர் அட்டை முட்டை வாங்கிவிடுங்கள். முப்பது முட்டை. கூடவே ஒரு கிலோ பச்சைப்பயறு, அரைக்கிலோ வேர்க்கடலை. நானூறு ரூபாய்க்குப் பக்கத்தில் முடிந்துவிடும்; மீதியில் கடனைக் கட்டுங்கள், குற்றமில்லை. முருங்கைக்கீரை எப்படியும் வேலியில் நிற்கிறது.

இரண்டு வயது தாண்டிய பிள்ளைக்கு அங்கன்வாடி மையத்திலேயே வாரம் மூன்று முட்டை உண்டு. எனவே வீட்டு முட்டையில் முதல் பங்கு கைக்குழந்தைக்கு. ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். அதன்பின் நன்றாக வெந்த முட்டையைத் தாய்ப்பாலில் மசித்து இரண்டு ஸ்பூனில் ஆரம்பித்தால் போதும். 'முட்டை சூடு'ன்னு பாட்டிமார் தடுப்பார்கள். அவர்களிடம் வாதாடாதீர்கள், ஊட்டுகிற வேலையையே அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். எனக்கு இதுதான் பலித்தது.

நான் அதிகம் சண்டை போட்டது கஞ்சிக்காகத்தான். மையத்தில் தருகிற சத்துமாவு சில வீடுகளில் மாட்டுத் தொட்டிக்குப் போகும். போகாத வீடுகளில் தண்ணியாகக் கரைத்து டம்ளரில் கொடுப்பார்கள். பிள்ளையின் வயிறு கைப்பிடி அளவுதான். தண்ணியிலேயே அது நிரம்பிவிட்டால் சத்து எங்கே போகும்? கரண்டியில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். வழிந்து ஓடினால் இன்னும் கிண்டுங்கள். மெதுவாகச் சறுக்கி 'தொப்'பென்று விழ வேண்டும். அதில் அரை ஸ்பூன் எண்ணெய், ஒரு ஸ்பூன் வறுத்துப் பொடித்த கடலை. ஒன்பது மாதத்துப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு அரைக் கிண்ணம், நாளைக்கு மூன்று நான்கு வேளை. ஒரு வயதுக்கு மேல் முக்கால் கிண்ணத்துக்குக் குறையக் கூடாது.

வயிற்றுப்போக்கு வந்தால் பட்டினி போடாதீர்கள். உப்பு சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும் சுகாதார நிலையத்தில் இலவசம்; போக்கு நின்றாலும் மாத்திரையைப் பதினான்கு நாளும் கொடுக்க வேண்டும். ஒரு மாதம் ஏற்றிய எடையை ஒரே வாரத்துப் போக்கு இறக்கிவிடும்.

கர்ப்பமாக இருப்பவர்கள் பன்னிரண்டு வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்துகொள்ளுங்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி, ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000 ரூபாய். பெட்டகத்தில் வரும் பேரீச்சையை நீங்கள்தான் தின்ன வேண்டும், வந்த விருந்தாளி இல்லை.

கடைசியாக அளவு. எடையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், உயரத்தையும் கேளுங்கள். இரண்டு வயதுக்குள் படுக்க வைத்துத்தான் அளக்க வேண்டும்: ஒருவர் தலையைப் பலகையோடு சேர்த்துப் பிடிக்க, இன்னொருவர் முழங்காலை அமுக்கிப் பாதத்தை நேராக்க வேண்டும். பிள்ளை கத்தும், கத்தட்டும். முழங்கால் மடங்கினால் இரண்டு சென்டிமீட்டர் களவு போய்விடும். ஒரு வயது முதல் இரண்டு வயதுவரை மாதம் சுமாராக ஒரு சென்டிமீட்டர் வளர வேண்டும். மூன்று மாதத்தில் மூன்று சென்டிமீட்டருக்குப் பக்கத்தில்கூட வரவில்லை என்றால், அட்டையில் இருந்த முட்டை யார் வயிற்றுக்குப் போனது என்று முதலில் விசாரியுங்கள். பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கிளம்புங்கள்.