வட்டி அறிவிப்புக்காகக் காத்துக் கிடக்கும் பணத்தை என்ன செய்வது?

மும்பையின் மாட்டுங்காவிலிருந்தோ செம்பூரிலிருந்தோ, ரிசர்வ் வங்கித் தலைமையகம் இருக்கும் மின்ட் ஸ்ட்ரீட் ஒரு லோக்கல் டிரெயின் தூரம்தான். ஆனால் ரிசர்வ் வங்கி அடுத்து என்ன செய்யும் என்று கணிக்க அந்த அருகாமை ஒரு பைசாவுக்கும் உதவாது. 2025 ஜூனில் ரெப்போ (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டி) கால் சதவீதம் குறையும் என்றுதான் பெரும்பாலோர் எதிர்பார்த்தார்கள். ஆனால் அது அரை சதவீதம் இறங்கியது, 6.00-லிருந்து 5.50-க்கு. 2022 மே 4-ல் நாட்காட்டியில் இல்லாத கூட்டத்துக்குப் பிறகு வட்டியை 0.40 சதவீதம் உயர்த்தினார்கள். அன்று சென்செக்ஸ் சுமார் 1,300 புள்ளி இறங்கியது. ஆகவே “அறிவிப்பு வரட்டும், பார்க்கலாம்” என்பது ஒரு திட்டமே அல்ல.

முதலில் 5 ஆண்டுக்குள் தேவைப்படும் பணத்தையும் 6 மாதக் குடும்பச் செலவையும் ஒதுக்கிவிடுங்கள். அது எஃப்டியில் இருக்கட்டும். மீதி 6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அதை ஒரு லிக்விட் ஃபண்டில் (மிகக் குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் மியூச்சுவல் ஃபண்ட்) போட்டு, அதே ஃபண்ட் நிறுவனத்தின் நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டுக்கு மாதம் 50,000 வீதம் 12 மாதம் எஸ்டிபி (ஒரு ஃபண்டிலிருந்து இன்னொன்றுக்குத் தவணை முறையில் தானாகப் பணம் மாற்றும் வசதி) கொடுங்கள். வேறு நிறுவனத்தின் ஃபண்டுக்கு எஸ்டிபி போகாது. பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். ரிசர்வ் வங்கி வட்டியை முடிவு செய்யும் பணக் கொள்கைக் கூட்டம் வழக்கமாக ஆண்டுக்கு 6 முறை. 12 தவணை என்றால் வட்டி ஏறினாலும் இறங்கினாலும் ஏதாவது ஒரு தவணை நல்ல விலையில் விழும். ஏற்கெனவே ஓடும் எஸ்ஐபியை (மாதத் தவணை முதலீட்டை) மட்டும் நிறுத்தாதீர்கள்.

தனிப் பங்கு வாங்குபவர்களுக்கு அறிவிப்பு நாள் கொஞ்சம் ஆபத்தானது. கவர்னர் காலை 10 மணிக்குப் பேசத் தொடங்குவார். அடுத்த அரைமணியில் விலை இரண்டு பக்கமும் துள்ளும்; மார்க்கெட் ஆர்டர் (கிடைக்கும் விலைக்கு வாங்குவது) போட்டால் திரையில் பார்த்த விலை கிடைக்காமல் போகலாம். நீங்களே விலை வரம்பு சொல்லும் லிமிட் ஆர்டர் மட்டும் போடுங்கள், முடிந்தால் 11 மணிக்கு மேல். விலை இறங்கினால் தானாக விற்கச் சொல்லும் ஸ்டாப் லாஸிலும் ஒரு பள்ளம் உண்டு: டிரிகர் (ஆர்டர் உயிர்பெறும் விலை) 950, லிமிட் (விற்கச் சம்மதிக்கும் குறைந்தபட்ச விலை) 948 என்று வைத்து, விலை ஒரே தாவலில் 940-க்குப் போனால் ஆர்டர் நிறைவேறாமல் தொங்கும். இடைவெளியைக் கொஞ்சம் தாராளமாக வையுங்கள்.

வட்டி குறைந்தால் வங்கிப் பங்கு ஏறும் என்பது பாதி உண்மை. 2019 அக்டோபருக்குப் பிந்தைய மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் பெரும்பாலும் ரெப்போவோடு கட்டப்பட்டவை. 3 மாதத்துக்குள் அவற்றின் வட்டி இறங்கிவிடும். ஆனால் வங்கி ஏற்கெனவே வாங்கிய எஃப்டிக்கு, முதிர்வு வரை பழைய வட்டியைத்தான் கொடுத்தாக வேண்டும். நடுவில் லாப விகிதம் சுருங்கும். கடன் வாங்கிக் கடன் கொடுக்கும் என்பிஎஃப்சிகளுக்கு (வங்கி அல்லாத நிதி நிறுவனங்களுக்கு) கதை வேறு: வாங்கும் கடன் மலிவாகும், ஏற்கெனவே கொடுத்த வாகனக்கடன் பெரும்பாலும் நிலையான வட்டியில் இருக்கும்; அதனால் லாப விகிதம் விரியலாம்.

கடன் பத்திர ஃபண்ட் வைத்திருந்தால் அந்த ஃபண்டின் விவரத்தாளான ஃபேக்ட்ஷீட்டில் மாடிஃபைட் டியூரேஷனைப் (வட்டி மாற்றத்துக்கு ஃபண்ட் எவ்வளவு அசையும் என்ற அளவு) பாருங்கள். அது 7 என்றால், சந்தை வட்டி 1 சதவீதம் ஏறும்போது மதிப்பு ஏறக்குறைய 7 சதவீதம் இறங்கும்.

வரியையும் மறக்க வேண்டாம். எஸ்டிபியின் ஒவ்வொரு தவணையும் லிக்விட் ஃபண்டை விற்றதாகவே கணக்கு. அந்தச் சின்ன லாபம் உங்கள் வருமான வரி அடுக்கில் சேரும். 12 விற்பனைக்கும் சேர்த்து ஒரே கேப்பிடல் கெயின்ஸ் ஸ்டேட்மென்டை ஆண்டு இறுதியில் இறக்கி வைத்துக்கொண்டால் ரிட்டர்ன் போடும்போது தேட வேண்டியிருக்காது.