பழைய ஏபிஆர்எஸ் டிராக்கரை மீண்டும் வரைபடத்தில் வரவைத்தது: என் அனுபவம்

ஏபிஆர்எஸ் என்பது அமெச்சூர் வானொலிக்காரர்கள் தங்கள் இருப்பிடம் போன்ற தகவல்களைச் சிறு பாக்கெட்டுகளாக ரேடியோவில் அனுப்பும் முறை. வட அமெரிக்காவில் அது இயங்குவது 144.390 மெகாஹெர்ட்ஸில். காருக்காக வாங்கிய ஒரு பழைய டிராக்கர் (இருப்பிடத்தைத் தானாக அனுப்பும் கருவி), வீட்டு வாசலில் நின்றால் என் ரிசீவரில் தெளிவாகக் கேட்டது. பள்ளத்தாக்குப் பக்கம் போனால் வரைபடத்தில் ஆளையே காணோம். ஆன்டெனா, கேபிள், பவர் எல்லாமே சரி.

அப்புறம் மடிக்கணினியில் பாக்கெட்டைப் பிரித்துப் படித்தேன். வழித்தடத்தில் 'ரிலே, வைட்' என்று இருந்தது. முன்பு வைத்திருந்தவர் காலத்து அமைப்பு அது. ஏபிஆர்எஸ் பயன்படுத்தும் ஏஎக்ஸ்.25 என்ற பாக்கெட் முறையில், யார் மறு ஒலிபரப்பு செய்ய வேண்டும் என்பதை அனுப்புகிறவரே பாக்கெட்டின் தலைப்பில் வழித்தடமாக எழுதிவிடுகிறார். அந்தப் பெயரை ஏற்கிற டிஜிபீட்டர் (பாக்கெட்டைக் கேட்டு மறு ஒலிபரப்பு செய்யும் நிலையம்) மட்டுமே அதைத் திருப்பி அனுப்பும். ஏபிஆர்எஸ்ஸை உருவாக்கிய பாப் புருனிங்கா 2000களின் நடுவில் புதிய முறையைப் பரப்பியபின், 'ரிலே' என்ற பெயர் வழக்கொழிந்துவிட்டது.

'வைட்1-1, வைட்2-1' என்று மாற்றினேன். முதல் பகுதியை வீடுகளில் உள்ள சிறு நிலையங்களும் எடுத்து அனுப்பும். அடுத்ததை மலையுச்சி நிலையங்கள் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு தாவலுக்கும், அதாவது ஒவ்வொரு மறு ஒலிபரப்புக்கும், அந்தந்தப் பகுதியின் கடைசி எண் ஒன்று குறையும், எல்லாம் பூஜ்யமானதும் பயணம் முடியும். பள்ளத்தாக்கிலிருந்தும் புள்ளிகள் வரத் தொடங்கின.

தயவுசெய்து அந்தக் கடைசி எண்ணைக் கூட்டி வைக்காதீர்கள். 1200 பாட் வேகத்தில் எல்லோரும் ஒரே அலைவரிசையைத்தான் பகிர்கிறோம். ஒருவரின் தேவையற்ற தாவல் இன்னொருவரின் பாக்கெட்டை அழிக்கும். உயரமான ஆன்டெனா உள்ள வீட்டு நிலையத்துக்கு 'வைட்2-1' மட்டும் போதும்.